கடல் மிதவைத் தாவரங்கள்: வளரும் வேகமும் உடலின் வேதியியலும்

துணைவெப்பமண்டல நடுக்கடல்களின் மேல்நீர் மிகத் தெளிவானது. அந்தத் தெளிவுக்குக் காரணம் வறுமை. கோடையில் சர்காசோ கடலிலோ ஹவாய்க்கு வடக்கேயோ நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளக்கப் போனால், 1970-களில் இருந்த முறைகளில் பூச்சியத்தை ஒட்டிய அளவுதான் பெரும்பாலும் கிடைத்தது. அந்த நீரில் மிதக்கும் ஒருசெல் தாவரங்கள் பட்டினியில் கிடக்க வேண்டும். பல நாளுக்கு ஒருமுறைதான் பிளவுபட்டுப் பெருக வேண்டும். உடலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வற்றி, மாவுப்பொருளாகவும் கொழுப்பாகவும் கார்பன் மட்டும் மிகுந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்நீரை வடிகட்டி, தாளில் தங்கிய துகள்களைப் பகுத்தபோது வேறு கணக்கு வந்தது. 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்பது ஊட்டம் குறையாத செல்லின் கணக்கு. பல இடங்களில் துகள்களின் கணக்கு அதற்கு அருகிலேயே நின்றது.

1979-இல் நேச்சர் இதழில் ஜோயல் கோல்ட்மன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, டுவைட் பீவி ஆகிய மூவரும் இந்த முரணுக்குத் துணிச்சலான விடை ஒன்றைச் சொன்னார்கள். நடுக்கடலின் மிதவைத் தாவரங்கள் பட்டினியில் இல்லை. அவை தம்மால் இயன்ற உச்ச வேகத்தை ஒட்டியே வளர்கின்றன. அவற்றின் உடலின் வேதியியலே அதற்குச் சாட்சி என்றார்கள். செல்லின் உடலைப் பகுத்துப் பார்த்து அது வளரும் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் கடலியலில் வேரூன்றியதில் அந்தச் சிறு கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பிறகு சேர்ந்த சான்றுகளையெல்லாம் வைத்துப் பார்த்தால், அவர்களுடைய முடிவு பெருமளவு நிலைத்தது. அவர்கள் அதை அடைந்த வழிதான் நிலைக்கவில்லை. அது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரெட்ஃபீல்டின் சராசரி

106:16:1 என்பதை ரெட்ஃபீல்டு விகிதம் என்கிறோம். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு அடிப்படையில் உடலியங்கியல் ஆய்வாளர். கடல் விலங்குகளின் நீல இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தை ஆராய்ந்தவர். 1934-இல் லிவர்பூலில் வெளியான ஒரு நினைவு மலரில் அவர் ஒரு பொருத்தத்தைச் சுட்டிக்காட்டினார். ஆழ்கடல் நீரில் கரைந்துள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெவ்வேறு பெருங்கடல்களிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கின்றன. மிதவையுயிர்களின் உடலிலும் அதே விகிதம்தான். முதலில் அவர் தந்த எண்கள் 140:20:1. அளவீடுகள் திருந்தத் திருந்த அது 106:16:1 ஆயிற்று. 1958-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவர் இதை மேலும் கொண்டுசென்று, கடலில் உள்ள நைட்ரேட்டின் அளவை உயிர்களே வகுத்தன என்று வாதிட்டார்.

அவர் சொன்னது ஒரு சராசரி. அதைப் பின்வந்தவர்கள் ஒவ்வொரு செல்லின் நெற்றியிலும் எழுதிய விதியாக எடுத்துக்கொண்டதில் ரெட்ஃபீல்டுக்குப் பங்கில்லை. அவரும் பாஸ்ட்விக் கெட்சமும் 1949-லேயே, சத்துக் குறைத்து வளர்த்த குளோரெல்லாப் பாசியின் உடல் எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். நைட்ரஜனைக் குறைத்தால் நைட்ரஜன் குறைந்த உடல்; பாஸ்பரஸைக் குறைத்தால் பாஸ்பரஸ் குறைந்த உடல். விலங்குக்கு இந்த நெகிழ்வு குறைவு. தாவர செல்லுக்கு அது வாழ்க்கை முறை.

கையிருப்பே வேகத்தைத் தீர்மானிக்கிறது

வேகத்தையும் வேதியியலையும் இணைக்க ஒரு கருவி தேவைப்பட்டது. 1950-இல் பாரிசில் ஜாக் மொனோவும், சிகாகோவில் ஆரன் நோவிக், லியோ சிலார்டு இருவரும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கெமோஸ்டாட். ஒரு குடுவைக்குள் சத்துநீர் சீராகச் சொட்டும். அதே அளவு நீர் செல்களோடு வெளியேறும். சில நாளில் குடுவை ஒரு நிலைக்கு வந்தபின், செல்கள் பெருகும் வேகமும் நீர் மாறும் வேகமும் ஒன்றாகிவிடும். குழாயைத் திருகினால் வளர்ச்சி வேகம் மாறும். ஆய்வாளர் கையிலேயே வேகம் வந்துவிட்டது.

மொனோவின் சமன்பாடு, வெளிநீரில் உள்ள சத்தின் செறிவைக் கொண்டு வளர்ச்சி வேகத்தைக் கணித்தது. பாக்டீரியாவுக்கு அது பொருந்தியது. ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கடலாய்வு நிலையத்தில் மைக்கேல் ட்ரூப், மோனோகிரைசிஸ் லூதெரி என்ற பொன்னிறப் பாசியை வைட்டமின் பி12 தட்டுப்பாட்டில் வளர்த்தபோது அது பொருந்தவில்லை. வெளியே வைட்டமின் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் செல்கள் வளர்ந்தன. 1968-இல் அவர் தந்த விடை எளிமையானது: வேகத்தைத் தீர்மானிப்பது வெளியே இருப்பதல்ல, செல்லுக்குள் இருப்பது. சந்தையில் நெல் வராத மாதத்திலும் குதிரில் நெல் உள்ள வீட்டில் அடுப்பு எரிவதைப் போன்றது அது. ஒவ்வொரு சத்துக்கும் ஒரு குறைந்தபட்ச இருப்பு உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேல் இருப்பு கூடக் கூட வேகம் கூடும், ஆனால் வரவர மெதுவாக. ட்ரூப்பின் சமன்பாட்டின்படி இருப்பு குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்கானால் கோட்பாட்டளவிலான உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும். பத்து மடங்கானால் பத்தில் ஒன்பது பங்கு.

இதைத் திருப்பிப் படித்தால் நம் தலைப்புக்கு வந்துவிடுகிறோம். வேகம் குறைந்த செல்லில், அதைத் தடுத்து நிறுத்தும் சத்து குறைந்தபட்சத்தை ஒட்டி நிற்கும். கார்பன் மட்டும் ஒளிச்சேர்க்கையால் சேர்ந்துகொண்டே போகும். நைட்ரஜன் தட்டுப்பாட்டில் மெல்ல வளரும் செல்லில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் வழக்கமான 6.6-இலிருந்து 20-ஐ நெருங்கும். பாஸ்பரஸ் தட்டுப்பாட்டில் கார்பன்-பாஸ்பரஸ் விகிதம் பல மடங்கு எகிறும். பாஸ்பரஸின் வீச்சு நைட்ரஜனுடையதைவிடப் பெரியது. காரணத்தைப் பின்னர் பார்ப்போம். ஒருசேர இரண்டு சத்தும் குறைந்தால் என்னவாகும் என்பதையும் ட்ரூப் 1974-இல் ஆராய்ந்தார். இரண்டும் சேர்ந்து பெருக்கிக்கொள்வதில்லை. எது அதிகம் குறைவோ அது மட்டுமே கடிவாளத்தைப் பிடிக்கிறது. மற்றது செல்லுக்குள் உபரியாகத் தேங்கும்.

1979-இன் வாதம்

கோல்ட்மனும் தோழர்களும் கெமோஸ்டாட்டில் வளர்த்தவற்றில் ட்ரூப்பின் மோனோகிரைசிசும் உண்டு. (அதன் பெயர் பின்னர் பாவ்லோவா ஆயிற்று; இறால், சிப்பி ஹேச்சரிக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம்.) குறைந்த வேகத்தில் வளர்த்தபோது எந்தச் சத்து குறைவோ அதற்கேற்ப விகிதங்கள் நாலாபக்கமும் சிதறின. அந்த இனத்தின் உச்ச வேகத்தை நெருங்க நெருங்க எல்லாம் 106:16:1-ஐ நோக்கிக் குவிந்தன. நடுக்கடல் துகள்களின் விகிதமும் அதுதான் என்றால், அங்குள்ள செல்கள் உச்ச வேகத்தை ஒட்டியே வளர வேண்டும்.

அக்காலக் கார்பன்-14 அளவீடுகள் காட்டிய மந்தமான வளர்ச்சிக்கு இது நேர் எதிர். வெளியே சத்தே இல்லாத நீரில் எப்படி இந்த வேகம்? அதற்கும் விடை வைத்திருந்தார்கள். நுண்விலங்குகள் மேய்ந்து கழிக்கும் அம்மோனியம் உடனுக்குடன் உறிஞ்சப்படுகிறது; வரவும் செலவும் சமமாக ஓடுவதால் இருப்பு பூச்சியமாகத் தெரிகிறது. நீரில் சத்தின் அளவு குறைவு என்பதாலேயே அதன் ஓட்டமும் குறைவு என்று சொல்ல முடியாது. இது அருமையான கருத்து. இன்றுவரை அசையாமல் நிற்பது. ஆனால் அதே ஆண்டில் மெக்கார்த்தியும் கோல்ட்மனும் சயன்ஸ் இதழில் இன்னும் ஒரு படி போனார்கள். மேயும் விலங்கின் கழிவு நீரில் ஒரு நுண்ணிய மேகமாகச் சில கணம் நிற்கும், அதைக் கடக்கும் செல் அந்தக் கணத்தில் வயிறு நிரப்பிக்கொள்ளும் என்றார்கள். அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஜாக்சன், அந்த அளவுள்ள மேகம் பரவிக் கரைந்துவிடும் வேகத்தைக் கணக்கிட்டு, செல்லுக்கு அதனால் பெரிய பயனில்லை என்று காட்டினார்.

மேகத்தைப் பற்றிய சண்டையில் அதிகம் பேசப்படாமல் போன ஓட்டை வேறு. உச்ச வேகத்தில் விகிதம் 106:16:1 என்பது ஆய்வகத்தில் கண்டது. 106:16:1 என்றால் உச்ச வேகம் என்பது அதன் மறுதலை. அதை யாரும் நிறுவவில்லை. ஒளி போதாத ஆழத்தில் மெல்ல வளரும் செல்லிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும் தாராளமாக இருக்கும். ஒளிச்சேர்க்கை மந்தமாக இருப்பதால் உபரிக் கார்பன் சேராது. அதன் உடல் உச்ச வேகச் செல்லின் உடலைப் போலவே தோன்றும். இரும்புத் தட்டுப்பாட்டிலும் ஏறத்தாழ இதே கதைதான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் 16-க்கு 1 என்ற அளவிலேயே வந்துசேரும் நீரில், செல் எந்த வேகத்தில் வளர்ந்தாலும் அவ்விரண்டின் விகிதம் பெரிதாக மாறாமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, வடிகட்டிய தாளில் தங்குவது உயிருள்ள தாவர செல் மட்டுமல்ல. பாக்டீரியா, நுண்விலங்கு, செத்த குப்பை எல்லாம் கலந்த கலவை அது.

ஆனாலும் விடை சரியாகத்தான் வந்தது. நடுக்கடலின் மிக முக்கியமான தாவர நுண்ணுயிர் எது என்பதே 1979-இல் யாருக்கும் தெரியாது. ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தேறாத புரோகுளோரோகாக்கஸ் என்ற அந்தப் பாக்டீரியாவைச் சாலி சிஷோமின் குழு 1988-இல்தான் உலகுக்கு அறிவித்தது. பூமத்திய ரேகைப் பசிபிக்கில் அது நாளுக்கு ஏறக்குறைய ஒருமுறை பிளவுபடுகிறது என்று 1995-இல் டேனியல் வோலோவும் சிஷோமும் உடன் ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். செல் பிளவுபடும் நேரத்தை நேரடியாகக் கவனித்துப் பெற்ற அளவு அது; விகிதத்திலிருந்து ஊகித்ததல்ல. பழைய கார்பன்-14 சோதனைகளில் பாத்திரங்களிலிருந்து கசிந்த உலோகங்கள் செல்களை நஞ்சூட்டியதும் இதற்கிடையே தெரியவந்திருந்தது. இனி வேடிக்கையைப் பாருங்கள். நன்றாக வளரும் இந்தப் புரோகுளோரோகாக்கஸ் ஆய்வகத்தில் ஊட்டம் குறையாதபோதுகூட ரெட்ஃபீல்டு விகிதத்தில் நிற்பதில்லை. அதன் உடலில் நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் 16-ஐவிட அதிகம்.

ரைபோசோம் என்னும் விலையுயர்ந்த இயந்திரம்

வேகம் ஏன் உடலை மாற்ற வேண்டும்? இதற்கான அடித்தளம் கடலிலிருந்து வரவில்லை. ரெட்ஃபீல்டின் கட்டுரை வந்த அதே 1958-இல், கோபன்ஹேகனில் ஷெக்டர், மாலோ, கெல்ட்கார்டு மூவரும் சால்மொனெல்லா பாக்டீரியாவைப் பலவகை ஊட்ட நீர்களில் வளர்த்தார்கள். ஊட்டம் எதுவானாலும் சரி, வளர்ச்சி வேகம் ஒன்றாக இருந்தால் செல்லின் பருமனும் ஆர்.என்.ஏ. அளவும் ஒன்றாகவே இருந்தன. வேகம் கூடினால் ஆர்.என்.ஏ. கூடியது.

காரணம் நேரடியானது. வளர்ச்சி என்றால் புரதம் செய்வது. புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். வேகமாக வளர வேண்டுமானால் ரைபோசோம்கள் நிறைய வேண்டும். ரைபோசோமின் எடையில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.; அந்த ஆர்.என்.ஏ.யின் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் பாஸ்பரஸ். புரதத்தில் எடைக்கு 16 சதவீதம் போல நைட்ரஜன் உண்டு, பாஸ்பரஸ் ஏறக்குறைய இல்லை. ஆகவே வேகமான செல்லுக்குப் பாஸ்பரஸ் அதிகம் வேண்டும். அதன் நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் தாழும். ஜேம்ஸ் எல்சரும் ராபர்ட் ஸ்டெர்னரும் நன்னீர் விலங்குகளிலிருந்து தொடங்கி வளர்த்தெடுத்த இந்தக் கருத்துக்கு வளர்ச்சி வேகக் கருதுகோள் என்று பெயர். 2002-இல் அவர்கள் எழுதிய நூல் இத்துறையின் பாடநூலாயிற்று.

2004-இல் கிறிஸ்டோபர் கிளாஸ்மையரும் எலெனா லிட்ச்மனும் சக ஆய்வாளர்களும் இதைக் கணக்காக எழுதினார்கள். செல் தன் வளத்தை இரண்டு வகை இயந்திரங்களுக்கிடையே பங்கிட வேண்டும்: பெருகுவதற்கு ரைபோசோம், ஒளியையும் சத்தையும் பிடிப்பதற்குப் புரதங்கள். வளம் கொழிக்கும் நீரில், போட்டிபோட்டுப் பெருகும் பருவத்தில் முதலாவது வெல்லும். வளம் குன்றி எல்லோரும் மிச்சத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலையில் இரண்டாவது வெல்லும். அவர்களுடைய கணக்கில் உகந்த நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் சூழலைப் பொறுத்து 8.2 முதல் 45 வரை விரிந்தது. 16 என்பது எந்தச் செல்லின் இலட்சியமும் அல்ல. இவற்றின் நடுவே விழும் சராசரி.

இதற்கு எதிர்நிலையில், 2011-இல் இரக்லி லொலாட்சேயும் எல்சரும் 16-க்கு ஓர் உள்ளார்ந்த காரணம் தேடினார்கள். புரதமும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யும் எடையில் 3-க்கு 1 என்று இருந்தால் நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் 16-ஐ ஒட்டி வரும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் அந்த 3-க்கு 1 செல்லில் எவ்வளவு காலம் மாறாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. வேகம் மாறினால் அது மாறும் என்பதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம். சராசரிக்கு அது நல்ல விளக்கம். தனிச்செல்லுக்கு அல்ல.

வளர்ச்சி வேகக் கருதுகோளுக்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. 2010-இல் கெவின் ஃபிளினும் உடனிருந்தவர்களும், பாசிகளுக்கு இது பொருந்துமா என்றே கேட்டார்கள். பாசி தேவைக்கு மேல் பாஸ்பேட்டை உறிஞ்சி, பாலிபாஸ்பேட் சங்கிலிகளாகச் சேமித்து வைக்கும். அப்போது உடலிலுள்ள பாஸ்பரஸில் எவ்வளவு இயந்திரம், எவ்வளவு சேமிப்பு என்று மொத்த அளவைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாஸ்பரஸின் வீச்சு பெரியது என்று முன்னே சொன்னதன் காரணம் இதுதான்: நைட்ரஜனைப் பெரிய அளவில் சேமிக்கும் வழி பெரும்பாலான செல்களுக்கு இல்லை, பாஸ்பரஸுக்கு உண்டு. செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. பெஞ்சமின் வான் மூயின் குழு 2006-லும் 2009-லும் காட்டியபடி, பாஸ்பேட் மிகக் குறைந்த சர்காசோ கடலில் மிதவைத் தாவரங்கள் தம் சவ்வுகளில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புகளுக்குப் பதிலாகக் கந்தகமோ நைட்ரஜனோ உள்ள கொழுப்புகளை வைத்துக்கொள்கின்றன. ஆக, பாஸ்பரஸ் குறைந்த உடல் என்றாலே மெல்ல வளரும் உடல் என்று சொல்லிவிட முடியாது. சிக்கனமான உடலாகவும் இருக்கலாம். இன்னொரு புதிர்: அதே சர்காசோவில், பாஸ்பேட் குறைந்த பகுதியில்தான் துகள்களின் பாஸ்பரஸில் பாலிபாஸ்பேட்டின் பங்கு அதிகம் என்று 2014-இல் கண்டார்கள். பஞ்சத்தில் சேமிப்பு கூடுகிறது! சேமிப்பை உபரி என்று மட்டும் பார்த்த நம் பார்வைதான் குறுகியது.

இத்தனைக்கும் பிறகு 1979-இன் குடுவைகள் சொன்னதில் மிஞ்சுவது என்ன? ஜெர்மனியின் ஹெல்முட் ஹில்லப்ராண்டு தலைமையில் 2013-இல் வெளியான தொகுப்பாய்வு, கோல்ட்மனை மறுபார்வை செய்வதாகத் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு, பதிப்பான சோதனைத் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. மெல்ல வளரும் செல்களில் விகிதங்கள் எங்கும் சிதறுகின்றன. வேகம் கூடக் கூடச் சிதறல் சுருங்குகிறது. நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதமும் தாழ்கிறது. வேகமாக வளர்வதற்கு வழிகள் சில. மெல்ல வளர்வதற்கு வழிகள் பல என்று இதைச் சொல்லலாம். முன்னது பாதி உண்மையென்றால் பின்னதுதான் மீதி. என் பார்வையில் இந்தத் துறையில் வந்த மிகப் பயனுள்ள வரையறை இதுவே.

ஒரே வேகம், வேறு உடல்

எது கட்டுப்படுத்துகிறது என்று தெரியாமல் வேகத்தைப் படிக்க முடியாது என்பதற்குப் பச்சையத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. 1980-இல் எட்வர்டு லாஸும் பானிஸ்டரும் ஒரே டயாட்டத்தை (சிலிக்கா ஓடுள்ள பாசி) இரண்டு வகையில் மெதுவாக்கினார்கள். சத்தைக் குறைத்து வேகத்தைக் குறைத்தபோது, கார்பனுக்கு இவ்வளவு என்ற பச்சைய அளவு குறைந்தது. ஒளியைக் குறைத்து வேகத்தைக் குறைத்தபோது பச்சையம் கூடியது. வேகம் ஒன்றுதான், உடல் இரண்டு எதிர்த்திசையில் போகிறது. பச்சையம் செய்ய நைட்ரஜன் வேண்டும், ஆகவே பஞ்சத்தில் அது முதலில் குறையும். இருளிலோ கிடைக்கும் ஒளியை விடாமல் பிடிக்கப் பச்சையம் கூட வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் கடலின் பச்சை நிறத்தை அப்படியே தாவரத்தின் எடையாக மாற்றுவது ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

டயாட்டங்களின் சிலிக்கா ஓட்டில் கதை தலைகீழ். வளர்ச்சி மெதுவானால் மற்றச் சத்துகள் குறைய, சிலிக்கா கூடுகிறது. ஊட்டம் குறையாத டயாட்டத்தில் சிலிக்கானும் நைட்ரஜனும் ஏறக்குறைய 1-க்கு 1. இரும்பு குறைந்த நீரில் அது இரண்டு மூன்று மடங்காகிறது என்று 1998-இல் ஹட்சின்ஸ், புரூலண்டு ஒரு பக்கமும், டகேடா மறுபக்கமும் நேச்சர் இதழில் எழுதினார்கள். செல் ஓடு கட்டுவது பிளவுக்கு முந்திய கட்டத்தில். வேகம் குறைந்தால் அந்தக் கட்டம் நீள்கிறது, கட்டிட வேலையும் நீள்கிறது. தென்பெருங்கடலில் தடித்த ஓட்டோடு டயாட்டங்கள் மூழ்குவதால் அங்கு நைட்ரேட் மீதமிருக்கச் சிலிக்கா முதலில் தீர்ந்துபோகிறது.

கார்பன் ஐசோடோப்பும் வேகத்தைக் காட்டும். ஒளிச்சேர்க்கை நொதி இலேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். வேகமாக வளரும் செல், உள்ளே வந்த கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் தீர்த்துவிடுவதால் தேர்ந்தெடுக்க இடமில்லாமல் கார்பன்-13-ஐயும் சேர்த்துக்கொள்கிறது. இந்த உறவை லாஸின் குழு 1995-இல் ஒரு டயாட்டத்தில் அளந்தது. பழங்காலக் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடை ஆழ்கடல் சேற்றிலுள்ள பாசிக் கொழுப்புகளிலிருந்து கணிப்பவர்கள், அந்தப் பாசிகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன என்று ஊகிக்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

வங்கக் கடல் தீர்த்துவைத்த வழக்கு

குடுவையிலிருந்து கடலுக்கு வந்தால் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 2013-இல் ஆடம் மார்ட்டினியின் குழு உலகக் கடல்களின் துகள் அளவீடுகளைத் தொகுத்தது. சத்து வறண்ட வெப்பச் சுழல் கடல்களில் 195:28:1. சத்து மேலெழும் வெப்பக் கடல்களில் 137:18:1. சத்து மிகுந்த குளிர் துருவக் கடல்களில் 78:13:1. ரெட்ஃபீல்டின் எண் எங்கும் இல்லை.  அதற்கு முன்பே, 2010-இல், தாமஸ் வெபரும் கர்ட்டிஸ் டாய்ச்சும் நீரில் கரைந்த சத்துகளை மட்டும் வைத்து, தென்பெருங்கடலின் துருவப் பகுதியில் நைட்ரஜன்-பாஸ்பரஸ் 12 அளவிலும் அதற்கு வடக்கே 20 அளவிலும் மூழ்குகிறது என்று கணித்திருந்தார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மூன்று விளக்கங்கள் போட்டியிட்டன. ஒன்று, சத்து வரத்து: குறைந்த வரத்து, சிக்கனமான உடல். இரண்டு, வெப்பநிலை: குளிரில் ரைபோசோம் மந்தமாக இயங்குவதால் அதே வேகத்துக்கு அதிக ரைபோசோம்கள் வேண்டும், அதனால் பாஸ்பரஸ் கூடும், 2013-இல் டோஸ்லண்டும் பிறரும் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் முன்வைத்தது இது. மூன்று, இனங்கள்: வெப்பக் கடலில் புரோகுளோரோகாக்கஸ், குளிர்க் கடலில் டயாட்டம், இவற்றின் உடலமைப்பே வேறு. சிக்கல் என்னவென்றால், அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் வெப்பமான நீர் என்றாலே பெரும்பாலும் சத்துக் குறைந்த நீர், புரோகுளோரோகாக்கஸ் ஆளும் நீர். மூன்று விளக்கமும் ஒரே விடையைத் தரும்போது எதை நிராகரிப்பது?

இந்தியப் பெருங்கடல் இங்கே உதவிக்கு வந்தது. இதன் தென்பகுதிச் சுழலிலிருந்து வடக்கே வரவர நீரும் வெப்பமாகிறது, சத்து வரத்தும் கூடுகிறது. மற்றக் கடல்களில் கிடைக்காத சேர்க்கை இது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமண்டிலிலிருந்து வங்கக் கடல் வரை வந்த ஆய்வுப் பயணத்தில் வழிநெடுக மாதிரி எடுத்தார்கள். வெப்பநிலைதான் காரணம் என்றால் வடக்கே விகிதங்கள் ஏற வேண்டும். அவை இறங்கின. தென்சுழலில் உச்சத்தில் இருந்தவை, வங்கக் கடலை நெருங்க நெருங்க ரெட்ஃபீல்டு அளவை நோக்கி வந்தன. வழிமுழுக்கப் புரோகுளோரோகாக்கஸே மிகுந்திருந்ததால் இனமாற்றத்தையும் காரணமாகக் காட்ட முடியவில்லை. மிஞ்சியது சத்து வரத்து. கார்சியா முதலானோர் 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வெளியிட்ட இந்த முடிவு, ஒரே பாதையில் ஒரு பருவத்தில் எடுத்த சான்றுதான். ஆனால் மூன்று விளக்கங்களையும் பிரித்துப் பார்க்க வாய்ப்புள்ள கடலில் எடுத்தது என்பதால் அதன் எடை அதிகம்.

விகிதம் மாறினால் யாருக்கு என்ன

முதலில் காற்றுக்கு. கடல் சூடேறி மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது குறைந்தால் மேலே வரும் பாஸ்பேட் குறையும். 106:1 என்று நிலையாக வைத்துக் கணக்கிடும் மாதிரியில், பாஸ்பேட் குறைந்த அளவுக்கு ஆழத்துக்குப் போகும் கார்பனும் குறையும். செல்கள் சிக்கனத்துக்கு மாறி ஒரு பாஸ்பரஸுக்கு 106-க்குப் பதில் 150, 190 என்று கார்பனைக் கட்டினால் இழப்பின் ஒரு பகுதி ஈடாகும். எரிக் கால்பிரெயித்தும் மார்ட்டினியும் 2015-இல் பாஸ்பேட் செறிவுக்கும் துகளின் பாஸ்பரஸ்-கார்பன் விகிதத்துக்கும் ஓர் எளிய நேர்கோட்டு உறவைத் தந்தபின், நிலையான விகிதத்தை விடாப்பிடியாக வைத்திருக்கக் காலநிலை மாதிரிக்காரர்களுக்குச் சாக்கு இல்லை.

அடுத்து, மேயும் உயிருக்கு. பாஸ்பரஸ் குறைந்த செல்லைத் தின்னும் நுண்விலங்கு வயிறு நிறைந்தும் வளராது. நம் கிழக்குக் கடற்கரையோர இறால் ஹேச்சரிகளில் ஜோயாப் பருவக் குஞ்சுகளுக்குக் கீட்டோசெரோஸ், தலாசியோசைரா போன்ற டயாட்டங்களை வளர்த்துப் போடுகிறார்கள். தொட்டி அடர்ந்து, பழுத்து, தேங்கும்வரை காத்திராமல் வேகமாகப் பெருகும் பருவத்திலேயே அறுவடை செய்வது அங்கே பொதுவிதி. அந்த விதிக்குப் பின்னால் இருப்பது இத்தனை நேரம் பேசிய வேதியியல்தான்.

பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க நினைத்தவர்களுக்கும் இது பாடம் புகட்டியது. 1978 முதல் 1996 வரை அமெரிக்க எரிசக்தித் துறை நடத்திய பாசித் திட்டத்தில், நைட்ரஜனையோ சிலிக்காவையோ குறைத்தால் செல்லில் கொழுப்பு கூடியது. ஆனால் செல் பெருகுவது நின்றதால் தொட்டியில் கிடைத்த மொத்தக் கொழுப்பு கூடவில்லை. உச்ச வேகமும் உச்சக் கொழுப்பும் ஒரே செல்லில் கிடைக்காது.

பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோவாவிலும் கடல்நீர் மாதிரி எடுக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீரில் கரைந்த நைட்ரேட், பாஸ்பேட், பச்சையம் ஆகியவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். அதே குடுவை நீரிலிருந்து துகள் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றையும் அளவிடுங்கள். வெப்பநிலையையும் ஒளியையும் குறியுங்கள். எந்தச் சத்தைச் சேர்த்தால் வளர்ச்சி கூடுகிறது என்று ஒரு சிறு சோதனையையும் கூடவே வையுங்கள். விகிதத்தை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்லும் கட்டுரை உங்கள் மேசைக்கு வந்தால், எந்தச் சத்து கட்டுப்படுத்தியது என்று முதலில் கேளுங்கள்.